தங்கச்சி வீட்டுப் புதுப் பால்கனி

இது இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றே சொன்னேன். தை மாதம் ஸ்ரீரங்கத்தில் என் தங்கச்சி வீட்டுக்குப் பால்கனி கட்டிய மேஸ்திரியிடம், "கம்பிய மேல போடுய்யா" என்று தலையில் அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை.

எட்டாவதோடு நின்றவன் நான். ஐம்பத்தாறு வயதில் சமுதாயக் கல்லூரியில் கட்டடக்கலையும் ஓவியமும் படிக்கிறேன். இன்று பிடித்த கட்டடத்தை வரையச் சொன்னார்கள். அந்தப் பால்கனியை வரைந்தேன். வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது.

"சூப்பர் சார். அப்படியே குறுக்க வெட்டின மாதிரி வரைஞ்சு, உள்ள கம்பியக் காட்டுங்க" என்றார் மேடம்.

உள்ளபடியே காட்டினேன். மேடம் முகம் மாறிவிட்டது.

"வெளிய நீட்டின ஸ்லாப்புக்கு மெயின் கம்பி மேல்பக்கம் வரணும் சார். இது அடியில இருக்கு. கூட்டம் ஏறினா மடங்கி விழுந்துரும். நிஜமாவே இப்படியா இருக்கு?"

வெளியே ஓடித் தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"செல்வி, பால்கனிக்கு யாரும் போகாதீங்க. கதவப் பூட்டு."

"ஏண்ணே? நாளைக்குத் தேர் பாக்க இருபது பேரு வராங்க!"

"பூட்டுன்னா பூட்டு! இன்ஜினியரோட வரேன்."

"உங்களுக்கே நம்பிக்கை இல்லையாண்ணே?" என்று சிரித்தாள்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மேலே சொன்னதில் ஒன்று மட்டும் கற்பனை. மேஸ்திரி என்று வேறு யாரும் கிடையாது. கட்டியது நான்தான்.

கம்பியை அடியில் போட்டுவிட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? தங்கச்சி உள்ளவர்கள் பஸ் போய்ச் சேர்வதற்குள் கமெண்டில் சொல்லுங்கள்.