புழுக்களுக்கு உறைப்பு ஆகாது

என் கணவர் பல்கனியில் மீன்தொட்டி வைத்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மேலே ஒரு தட்டில் கூழாங்கல் நிரப்பி, பொன்னாங்காணி நட்டு, மீன் அழுக்குத் தண்ணீரை மோட்டர் வைத்து ஏற்றியபோதும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கல்லுக்குள் சேரும் அழுக்கைத் தின்ன மண்புழு வேண்டுமாம் என்று ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தாரே, அப்போதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

மீன் ஐந்தே ஐந்து. அவற்றின் அழுக்கு புழுக்களுக்குப் போதவில்லை என்று குசினிக் கழிவையும் போட்டார். எங்கள் குசினியில் என்ன கழிவு இருக்கும்? வெங்காயத் தோல், பிழிந்த தேசிக்காய், மிளகாய்க் காம்பு. மறுநாள் காலை புழுக்கள் கூட்டமாக வெளியேறி, பல்கனியில் காய்ந்த என் துவாயில் குடியிருந்தன.

“உம்மட சிஞ்ஞோரா வீட்டில உறைப்பே இல்லைத்தானே. அங்கையிருந்து கொஞ்சம் தோல் கொண்டு வாருமன்,” என்றார்.

சிஞ்ஞோரா என் வெள்ளைக்கார முதலாளியம்மா; லிபெர்த்தா தெருவில் எட்டு வருடமாக நான் துப்புரவு வேலை செய்யும் வீடு அவருடையது. ஒரு தேக்கரண்டிகூடக் குறைந்ததில்லை. அந்த வீட்டிலிருந்து வத்தகப்பழத் தோலையும் சுக்கினிக்காய்த் தோலையும் கைப்பையில் ஒளித்துக் கடத்தினேன். பை பஸ்ஸில் ஒழுகியது. புழுக்கள் கொழுத்தன, கீரை தழைத்தது, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நான் மெலிந்தேன்.

ஒருநாள் சிஞ்ஞோரா, பையிலிருந்து என்ன சொட்டுகிறது என்று கேட்டார். திறந்து காட்டினேன். தோலைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லையா என்றார். திருடி என்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இது புழுக்களுக்கு என்றேன். அவர் முகம் வெளிறியது. வேறு வழியில்லாமல், என் கணவர் பெருமையோடு அனுப்பிவைத்த புழுப் படங்களைப் போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நல்ல உடம்பு என்றார்.

இப்போது தோல்களை அவரே சிறிது சிறிதாக நறுக்கிப் பெட்டியில் வைத்திருக்கிறார். காலையில் நான் கதவைத் திறந்ததும் புழுக்கள் சாப்பிட்டனவா என்றுதான் முதற்கேள்வி. அதற்குமுன் எட்டு வருடத்தில் ஒரு காலையிலும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

நேற்றுச் சொல்லிவிட்டேன், அவை வயிறாரச் சாப்பிட்டன, நான்தான் இன்னும் சாப்பிடவில்லை என்று. சிஞ்ஞோரா கையிலிருந்த தோல் பெட்டியை மேசையில் வைத்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொல்லிவிட்டு, கோப்பி வைக்கப் போனார்.