ஆம்புலன்சில் ஏறாதவன்

அங்கப்பனைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லவன் என்றுதான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். குடிக்க மாட்டான். வம்புக்குப் போக மாட்டான். ஒற்றை மூங்கில் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு காலையில் எஸ்டேட்டுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவான். மிளகு இருந்தால் மிளகு பறிப்பான், இல்லாவிட்டால் நிழல் மரத்துக்குக் கிளை கழிப்பான். அப்படிப்பட்டவன் ஒரு சாயங்காலம் ஆம்புலன்சில் ஏறாமல் நின்றுவிட்டான். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் செம்மநத்தத்துக்கு மேலே இருக்கிறது. மேட்டில் மாரியம்மன் கோயில், பள்ளத்தில் ஓடை. ஓடைப் பாலம்தான் ஊர் எல்லை. நான் ஜீப் ஓட்டுகிறவன். ஏற்காட்டுக்குச் சாமான், ஆள், நோயாளி, கல்யாணக் கூட்டம் எல்லாம் என் வண்டியில்தான். யார் வீட்டில் என்ன என்பது எனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தாலும் தெரிந்துவிடும்.

அங்கப்பனுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் பிள்ளை இல்லை. அவன் சம்சாரம் சசிகலா நாகலூர்ப் பக்கத்துப் பெண். அவளைச் சாடை பேசாத வாய் ஊரில் இல்லை. பொறுக்க முடியாமல் அவன் அம்மனிடம் வேண்டிக்கொண்டான். ஒரு பிள்ளையைக் கொடு, அது நடக்கப் பழகியதும் தீச்சட்டி எடுக்கிறேன் என்று. இளவரசி பிறந்தாள். நடந்தாள், பேசினாள், ஊரையே அதட்டுகிற அளவுக்கு வளர்ந்தாள். வேண்டுதல் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. ஒரு வருஷம் பங்காளி வீட்டில் சாவு. இன்னொரு வருஷம் மரத்திலிருந்து விழுந்து இவனே காலை ஒடித்துக்கொண்டான். போன வைகாசியில்தான் எல்லாம் கூடி வந்தது. பூசாரி சின்னன், மஞ்சள் துண்டு வைத்த கயிற்றை அவன் வலது மணிக்கட்டில் காப்பாகக் கட்டினார்.

காப்புக் கட்டினவனுக்கு எங்கள் ஊரில் கட்டுப்பாடு உண்டு. கவுச்சி ஆகாது, செருப்பு ஆகாது, சாவு வீட்டு வாசல் ஆகாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட வேண்டும். ஒரு ராத்திரி வெளியே தங்கினாலும் காப்பு முறிந்துபோகும். அப்படி முறிந்தால், யாருக்காக வேண்டிக்கொண்டோமோ அவர்களுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு. யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் சொல்வார்கள்.

நோன்பு பாதி ஓடியிருக்கும். காலையில் கோயில் வாசலில் ஓடி விளையாடிய இளவரசி, மதியம் சோறு வேண்டாம் என்று சுருண்டு படுத்துவிட்டாள். சாயங்காலம், தீச்சட்டிக்காக ஏற்காட்டில் வாங்கிய மண்சட்டியைக் கொடுக்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சசிகலா துணியை நனைத்துப் பிள்ளையின் நெற்றியிலும் அக்குளிலும் ஒற்றிக்கொண்டிருந்தாள். நான் தொட்டுப் பார்த்தேன். அடுப்பில் கிடந்த கல் மாதிரி கொதித்தது.

அங்கப்பன் துணியைப் பிடுங்கினான்.

“ஏம்புள்ள, இந்தக் குளுருல ஈரத்துணிய வெக்கற? சன்னி கண்டுக்கும்.”

“நர்சம்மா இப்படித்தானுங்க செய்யச் சொன்னாங்க. காய்ச்சல் ஏறுனா போத்தவே கூடாதுன்னு அங்கன்வாடியில சொன்னாங்க.”

“அது சேலத்துல வேர்த்து ஒழுவறவிங்களுக்கு. நமக்கு இல்ல.”

கம்பளியை எடுத்துக் கழுத்து வரை போர்த்தினான். அடுப்புப் பக்கமாகப் பாயை இழுத்துப் போட்டான். கோயில் தீர்த்தத்தைத் தெளித்தான். பிள்ளை கண்ணைத் திறக்காமலே சிணுங்கியது.

“அப்பா, கம்பளி வேணாம். குத்துது.”

“சித்த நேரம் கண்ணு. என்ற சாமியில்ல.”

சசிகலா என்னைப் பார்த்தாள். “மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க. வண்டிதான் நிக்குதே. ஒரு எட்டு ஏற்காடு போயிட்டு வந்தரலாமுங்க.”

“இப்பவே எடுக்கறேன், வாங்க,” என்றேன்.

“இப்பப் போனா இருட்டறதுக்குள்ள திரும்ப முடியாதுண்ணா,” என்றான் அங்கப்பன். “காத்தால பாத்துக்கலாம். அம்மா சோதிக்கறா. சட்டி எடுக்கறவன் ஊட்டுல சூடு வராம இருக்குமா?”

“அவ சோதிக்க நம்ம புள்ளதான் கெடச்சுதா?”

“வாயக் கழுவுடி.”

அவ்வளவுதான் பேச்சு. நான் சட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் சூடு கொஞ்சம் இறங்கியிருந்தது. வீட்டில் மிச்சமிருந்த காய்ச்சல் மருந்தைச் சசிகலா இவனுக்குத் தெரியாமல் ஊற்றியிருக்கிறாள். அது தெரியாமல் இவன், “பாத்தியா, நாஞ்சொன்னனா இல்லியா” என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் பந்தல் போடப் போனான். மதியத்துக்கு மேல் காய்ச்சல் திரும்ப ஏறியது. கண் மேலே சொருகி, பல் கிட்டித்து, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. சசிகலா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று ஒருத்தி அரிவாளைக் கொண்டுவந்து அந்தப் பிஞ்சுக் கையில் திணிக்கப் பார்த்தாள். அங்கப்பன் அவளைத் தள்ளிவிட்டுப் பிள்ளையைக் கம்பளியோடு வாரிக்கொண்டு ஓடிவந்தான். நான் வண்டியை எடுத்தேன்.

செம்மநத்தம் வருவதற்குள் இழுப்பு நின்றுவிட்டது. பிள்ளை துவண்டு கிடந்தது. சசிகலா மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்து வைத்துப் பார்த்தாள். அங்கப்பன் எனக்குப் பக்கத்தில் செருப்பில்லாத காலோடு உட்கார்ந்து, “ஓட்டுண்ணா, ஓட்டுண்ணா” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ரோட்டில் அதற்கு மேல் ஓட்டினால் காப்பித் தோட்டத்துக்குள்தான் கிடக்க வேண்டும்.

ஏற்காடு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். கம்பளியை உருவி எறிந்தது. ஊசி போட்டது, உடம்பு முழுக்கத் தண்ணீர்த் துணியால் துடைக்கச் சொன்னது.

“யாருங்க இத்தனை போத்திவிட்டது? சூடு எப்படி வெளிய போகும்?”

சசிகலா காட்டிக் கொடுக்கவில்லை.

டாக்டர் பிள்ளையின் தலையைத் தூக்கிப் பார்த்தது. அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது.

“கழுத்து இறுக்கமா இருக்கிற மாதிரி தெரியுது. சாதாரண ஜன்னியாவும் இருக்கலாம், மூளைக்காய்ச்சலாவும் இருக்கலாம். நான் இங்க வெச்சுப் பாக்க முடியாது. சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க, இப்பவே.”

ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தது. பிள்ளையைப் படுக்கவைத்து மூக்கில் குழாய் மாட்டினார்கள். சசிகலா ஏறி உட்கார்ந்தாள். உள்ளே இருந்த பையன் கேட்டான், “அப்பா யாரு? சீக்கிரம் ஏறுங்க.”

அங்கப்பன் ஒரு காலைப் படியில் வைத்தான். பிறகு எடுத்துவிட்டான். வானத்தைப் பார்த்தான். வெயில் மரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டது. சேலம் போனால் அன்றைக்குத் திரும்ப முடியாது. அது அங்கே இருந்த எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

“ஏனுங்க, ஏறுங்க,” என்றாள் சசிகலா.

“நீ முன்னால போ. காத்தால மொதப் பஸ்ஸுல வந்தர்றேன்.”

“காத்தாலயா?”

“காப்பு, சசி. முறிஞ்சுதுன்னா புள்ளைக்கு ஆவாது.”

“புள்ள இங்கதானுங்க இருக்குது.”

அவள் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அவன் உள்ளே கையை விட்டுப் பிள்ளையின் பாதத்தைப் பிடித்தான். பையன், “அண்ணா, நேரமில்லீங்க” என்றான். கதவு மூடியது. வண்டி இறங்கிப் போனது.

நானும் அவனும் ஜீப்பில் ஊருக்குத் திரும்பினோம். பாலத்தைத் தாண்டும்போது நல்ல வெளிச்சம் இருந்தது. ஊரில் ஒரு விளக்கும் எரியவில்லை. அவன் வீட்டுக்குப் போகாமல் கோயிலுக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறினான். எங்கள் ஊரில் அங்கே நின்றால்தான் போன் எடுக்கும். அடித்து அடித்துப் பார்த்தான். அவள் எடுக்கவே இல்லை. இருட்டுகிற நேரத்தில் ஒரு தடவை எடுத்து, “உசிரு இருக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மலை இறங்கும்போது நடந்ததைச் சசிகலா பிற்பாடு என் வீட்டுக்காரி கலாவதியிடம்தான் சொன்னாள். கொண்டை ஊசி வளைவில் பிள்ளைக்குத் திரும்ப இழுத்திருக்கிறது. வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய, பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் தன் உடம்பையே அணையாகக் கொடுத்துக் கிடந்திருக்கிறாள். ஒரு வளைவில் உதடு நீலமாகிவிட்டது. போய்விட்டது என்றே நினைத்தாளாம். ஆஸ்பத்திரியில் பார்க்கிறவர்கள் எல்லாம் அப்பா எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். வர்றாரு, வர்றாரு என்று சொல்லியிருக்கிறாள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும், சம்மதமா என்று கேட்டபோதும் அவளே ஆமாம் என்றாள். அதில் கால் விளங்காமல் போய்விடும் என்று ஊரில் சொல்லிக் கேட்டவள் அவள். பயந்துகொண்டேதான் ஆமாம் என்றாளாம்.

மூளைக்காய்ச்சல் இல்லை. ஏதோ கிருமிக் காய்ச்சல் திடீரென்று ஏறியதால் வந்த ஜன்னி. இந்த வயசில் சில பிள்ளைகளுக்கு இப்படி வரும் என்று சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் ஒரு வாரம் வைத்திருந்தார்கள். அங்கப்பன் தினமும் முதல் பஸ்ஸில் போனான், தினமும் விளக்கு வைக்குமுன் திரும்பினான். தீச்சட்டி அன்று மட்டும் போகவில்லை. பிள்ளை சேலத்தில் கிடக்க, இவன் பிள்ளைக்காகச் சட்டி எடுத்தான். தாரை தப்பட்டைச் சத்தத்தில் நெருப்பைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அருள் வந்துவிட்டது என்றார்கள் பெண்கள். வந்திருக்கலாம்.

காப்பு அவிழ்க்கும்போது நானும் கோயிலில் இருந்தேன். சின்னன் அவனுக்குச் சித்தப்பா முறை. கயிற்றை அறுத்துக்கொண்டே கேட்டார்.

“ஏண்டா, புள்ள சேலத்துல கெடக்குதாமே. அன்னைக்கு நீ திரும்பி வந்ததப் பாத்து புள்ளைக்கு லேசாயிருச்சாட்டம் இருக்குதுன்னு நெனச்சுட்டேன். ஏன் வந்த?”

“காப்பு இருந்துதுங்களே, சித்தப்பா.”

“கிறுக்கா. பங்காளி ஒருத்தன் மாத்திக் கட்டிக்கிட்டா நீ போலாமேடா. நான் பொறக்கையில எங்கம்மாளுக்கு முடியாமப் போயி, எங்கப்பன் காப்ப எம்பெரியப்பன் கையில மாத்திக் கட்டிட்டுத்தான் கீழ கொண்டுக்கிட்டுப் போனாரு. ஜீப்புல ஒரு வார்த்த சொல்லி உட்டிருந்தா நான் இங்கயே கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்.”

“அப்படி ஒண்ணு இருக்குதுன்னு யாரும் சொல்லலீங்களே.”

“நீ கேட்டியா?”

சின்னன் அறுத்துப் போட்ட கயிற்றைப் பார்த்துக்கொண்டு அங்கப்பன் நின்றான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் சட்டி எடுக்கப் பயந்து சாக்கு சொல்கிறான் என்பார்களோ என்று இருந்துவிட்டதாக வரும் வழியில் என்னிடம் சொன்னான். எத்தனையோ வருஷம் பிள்ளையில்லாதவன் என்று பேச்சுக் கேட்டவன். இன்னொரு பேச்சைக் கேட்க அவனுக்குத் தெம்பில்லை.

இளவரசி தேறி வந்தாள். பழையபடி ஓடுகிறாள், ஊரை அதட்டுகிறாள், அப்பன் தோளில் ஏறி ஆடுகிறாள். அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. சசிகலாவும் சண்டை பிடிக்கவில்லை. சோறு போடுகிறாள், பேசுகிறாள், சிரிக்கக்கூடச் செய்கிறாள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று அங்கப்பன் ஒரு நாள் சொன்னான். அப்போது எனக்கு விளங்கவில்லை.

இந்த வருஷம் மிளகுப் பறிப்பு நேரத்தில் விளங்கியது. மதியம் சாப்பாட்டுக்கு வந்தவன் வீடு பூட்டியிருக்கிறதைப் பார்த்திருக்கிறான். பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்று சசிகலா தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஏணியை ரோட்டிலேயே போட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தான். இருவரும் ஏற்காட்டுக்குப் போனோம்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு மெல்லிசான சட்டை மட்டும்தான் போட்டுவிட்டிருந்தாள்.

“வந்துட்டீங்களா,” என்றாள். “ஒண்ணுமில்லீங்க, சளிக் காய்ச்சலாட்டம் இருக்குது.”

அவன் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

“எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல, சசி? எஸ்டேட் ரைட்டர் கிட்டச் சொன்னாக்கூட என்னைக் கூப்புட்டு உட்டிருப்பாரே.”

“சொல்லி?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கையில் மிளகுக் கறை அப்பிக் கிடந்தது. வேட்டியில் தேய்த்துத் துடைத்தான்.

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். “இளவரசி! கூட ஒருத்தர் மட்டும் வாங்க.”

இருவருமே எழுந்தார்கள். சசிகலா பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அங்கப்பன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.