இன்னும் ஒரு பாட்டுதான்

என் வீட்டுக்காரரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எழுதும்போது சொல்லாமல் முடியாது. எட்மண்ட். ஆவடியில் ராணுவ வண்டிகள் கட்டும் தொழிற்சாலையில், கட்டி முடித்த எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கும் பிரிவில் இருபத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். நான் அவருக்கு இரண்டாம் தாரம். முதல் தாரம் ஹில்டா. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இருதயத்தில் கோளாறு. எண்பத்து மூன்று டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள் இருக்கும்போது போய்விட்டாள். எண்பத்தாறில் நான் அந்தக் குவார்ட்டர்ஸுக்குள் காலெடுத்து வைத்தபோது அவள் புடவைகளை அவள் அக்கா வாரிக்கொண்டு போயிருந்தாள். ஒரு தையல் மெஷினும் ஒரு கேசட்டும் மிச்சம் இருந்தன.

அந்தக் கேசட்டைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். அவள் சாவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு மாதா கோயிலில் பாட்டு ஒத்திகை. இவர் யாரிடமோ இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பதிவு செய்திருக்கிறார். மொத்தம் ஆறு பாட்டு. ஐந்தாவது முடிந்ததும் ஹில்டா இவர் பக்கம் குனிந்து ஏதோ சொல்கிறாள். உஸ்ஸென்ற இரைச்சலுக்குள் ஒரு முனகல், அவ்வளவுதான் கேட்கும். உடனே இவர் குரல், கணீரென்று: "இரு, இன்னும் ஒரு பாட்டுதான்." அப்புறம் ஆறாவது பாட்டு. அதில் அவள் குரல் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

அவள் என்ன சொன்னாள் என்று இவருக்கு ஞாபகமில்லை. அதுதான் வியாதி. பாட்டு எப்படி என்று கேட்டாளா, தாகம் என்றாளா, இல்லை உடம்புக்கு முடியவில்லை என்றாளா? அப்படி அவள் சொல்லியும் தான் இரு என்று உட்கார வைத்துவிட்டோமா? கல்யாணமான முதல் வாரமே இதை என்னிடம் சொல்லிவிட்டார். ஒளிவு மறைவு தெரியாத மனுஷன். அதற்காக நான் உருகிப் போனேன் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் ஷிப்ட் முடிந்து வந்தால் கேரியரைக் கீழே வைத்துவிட்டு அந்த ஓட்டை டேப்பைப் போடுவார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். ஆறு மணிக்கு வீடு திரும்பும்போது தெருவிலேயே கேட்கும், இரு, இன்னும் ஒரு பாட்டுதான். டேப்பைப் பின்னோக்கிச் சுற்றுவார். மறுபடியும் முனகல், மறுபடியும் இரு. அரிசி களையும்போது என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கும். ஒருநாள் நானே திரும்பி, இன்னாடி வேணும் உனக்கு என்று கேட்டுவிட்டேன். உயிரோடு இருக்கும் சக்களத்தி என்றால் குடுமியைப் பிடிக்கலாம். இவளை எதைப் பிடிப்பது?

தொண்ணூறில் ஒரு முடிவுக்கு வந்தார். நல்ல செட் ஒன்று வாங்கினால் இரைச்சல் அடங்கி அந்த முனகல் பேச்சாகிவிடும் என்று. ஊரெல்லாம் விசாரித்தோம். கடைசியில் என் ஆபீஸுக்குப் பக்கத்தில், மண்ணூர்பேட்டையில், ஆம்ப்ளிஃபயர் கட்டும் கஜபதியிடம் போய் நின்றோம். என்ன பாட்டு கேட்பீர்கள் என்று கஜபதி விசாரித்தார். ஒரு பொம்பளை பேசுவதைக் கேட்க வேண்டும் என்றார் இவர். கஜபதி என்னைப் பார்த்தார். நான் அவர் கடைக் காலண்டரைப் பார்த்தேன்.

இவருக்குப் பெரிய ஸ்பீக்கர்தான் முதலில் வேண்டும். ஆளுயரத்துக்கு இருந்தால் எல்லாம் கேட்டுவிடும் என்ற எண்ணம்.

"அண்ணாத்தே, டேப்பு உள்ள கீறத டெக்கு எடுத்தாதான ஸ்பீக்கரு குடுக்கும்? மொதல்ல நல்ல டெக்கா வாங்கினு வா. மத்தத நா கட்டித் தரேன்" என்றார் கஜபதி.

டெக், அதாவது கேசட்டை ஓட்டும் பெட்டி, வாங்க ரிச்சி தெருவுக்கு ரயிலேறினோம். எனக்கு விளக்கெல்லாம் எகிறிக் குதிக்கும் ஒன்று பிடித்திருந்தது. இவர் விளக்கைப் பார்க்கவேயில்லை. கடைக்கடையாக ஏறி, மூடியைத் திறந்து, டேப் உரசிப் போகும் அந்தச் சின்ன ஹெட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தார். பெண் பார்க்க வந்தபோது என்னை இவ்வளவு நேரம் பார்க்கவில்லை. கடைசியில் விளக்கே இல்லாத ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார். கஜபதி, மனுஷப் பேச்சுக்குத் தும்தும்மென்ற அதிர்வெல்லாம் ஆகாது என்று சொல்லி, அடக்கமான ஓர் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் செய்து கொடுத்தார். ஒவ்வொரு பெட்டியிலும் கீழே ஆறங்குல ஸ்பீக்கர், மேலே கீச்சுச் சத்தத்துக்கென்று ஒரு சின்ன ட்வீட்டர். ஒரு பெட்டியை ஹில்டாவின் தையல் மெஷின்மேல் வைத்தோம், இன்னொன்றை நான் சீராகக் கொண்டுவந்த டிரங்குப் பெட்டிமேல்.

கஜபதி ஒரு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார். கேசட்டில் பதிவு செய்த மெஷினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வில் இந்த ஹெட்டும் நிற்க வேண்டுமாம். பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கிறது, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் ஓர் இடத்தில் மங்கல் நீங்கிச் சத்தம் பளிச்சென்று ஆகும், அங்கே நிறுத்திவிடுங்கள் என்றார். எஞ்சினையே காதால் கேட்டு இன்ன இடத்தில் பழுது என்று சொல்கிறவருக்கு இது பெரிய வேலையா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்தார். திருப்பினார், திருப்பினார், இரண்டு மாதம் திருப்பினார். பளிச்சென்ற இடம் வரவேயில்லை. ட்வீட்டர் செத்துப்போச்சு என்று கஜபதியிடம் சண்டைக்குப் போனார். அவர் மாற்றிக் கொடுத்தார். அதுவும் செத்தது என்றார். மூன்றாம் தடவை கஜபதி ஏதோ ஒரு கருவியிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தத்தை அதே ட்வீட்டருக்குக் கொடுத்தார். ஊசியால் குத்தினாற்போல் இருக்க, நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். இவர், ஸ்விட்ச் போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

"ட்வீட்டரு நல்லாதான் கீது, அண்ணாத்தே. உன் காதுலதான் மேல்சத்தம் பூட்ச்சு."

தொழிற்சாலையில் காதுக்கு மாட்டிக்கொள்ள உறை கொடுத்துத்தான் இருந்தார்கள். இவரும் இவர் கூட்டாளிகளும் அதை ஆணியில் மாட்டி வைத்திருந்தார்கள். காதை மூடினால் எஞ்சின் பேசுவது கேட்காது, மூடிக்கொள்கிறவன் வேலை தெரியாதவன் என்று அவர்களுக்குள் ஒரு வீம்பு. அந்தப் பேரிரைச்சலில் ஒருவருக்கொருவர் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கோயிலில் அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம். சாவியை எடுத்தீங்களா என்று நான் சத்தமில்லாமல் வாயசைத்தால் பாக்கெட்டைத் தட்டிக் காட்டுவார். அதனால்தான் அவருக்குக் காது குறைந்துகொண்டே வந்தது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தார். நீ திருப்பு அருளு, நீ கேட்டுச் சொல்லு என்றார். மாட்டேன் என்றிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

சனிக்கிழமை மத்தியானம். அவர் எனக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் ஸ்க்ரூவைத் தொட்டுத் தொட்டுத் திருப்பினேன். திடீரென்று துணி விலகின மாதிரி ஆனது. ஆர்மோனியத்தில் மூச்சு வாங்கும் சத்தம், எங்கோ ஒரு குருவி, யாரோ பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவது. பிறகு ஹில்டா. நான்கு வருஷம் என் வீட்டில் முனகிக்கொண்டிருந்தவள் என் காதோரம் வந்து பேசினாள். என்னைவிடச் சின்னப் பெண்ணின் குரல்.

"மூச்சு அடைக்குதுங்க. ஊட்டுக்குப் போலாமா?"

"இரு, இன்னும் ஒரு பாட்டுதான்."

நிறுத்தினேன். அவள்மேல் எனக்கு எத்தனையோ கோபம் இருந்தது, அவர்மேலும் இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் உயிரோடு இருக்கமாட்டான் என்று மட்டும் தோன்றியது.

"இன்னா சொல்றா?"

"தண்ணி கேக்கறாங்க" என்றேன்.

அவர் தலையாட்டவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் சத்தமே வராமல் கெட்டேன். வெளியூர் டிரங்க் கால் சரியாகக் கேட்காதபோது, காதில் விழுவதை உதட்டுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துத்தான் நாங்கள் எழுதிக்கொள்வோம். ஆபரேட்டர்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஹில்டா சொல்லச் சொல்ல என் உதடு கூடவே சொல்லியிருக்கிறது.

"உன் ஒதட்ட பாத்துட்டேன், அருளு."

அவர் அழுதிருந்தால் தேவலை. அழவில்லை. அதை நீ சத்தமாகச் சொல், என்னைப் பார்த்துச் சொல் என்றார். எனக்கு வந்ததே கோபம். செத்தவளுக்கு நான் என்ன வாடகை வாயா, என் வாயால் எனக்கென்று ஒன்றும் சொல்லக் கூடாதா என்று கத்தினேன். நாற்காலியைக்கூட எட்டி உதைத்தேன். அவர் எழுந்து நின்றார். ஒரு பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் ஏழு வருஷமாக நின்றிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு நிஜமாகவே நெஞ்சை அடைத்தது. சொன்னேன். என் குரல்தான், ஆனால் அந்தச் சின்னப் பெண் சொன்ன மாதிரியே மெல்ல வந்தது.

"மூச்சு அடைக்குதுங்க. ஊட்டுக்குப் போலாமா?"

அவர் செட்டை அணைத்தார். கொடியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார், பொத்தான் மாறிப் போட்டிருந்தது. என் செருப்பை எடுத்து வந்து என் காலடியில் வைத்தார்.

"வா, போலாம்" என்றார்.

கதவைப் பூட்டிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முடியாதவர்களைக் கூட்டிப் போவது போல, என்னோடு அடியெடுத்து அடியெடுத்து வந்தார். ஒவ்வொரு விளக்குக் கம்பத்தடியிலும் நின்று, முடியுதா என்று உதட்டால் கேட்டார். நான் தலையாட்டினேன். எதிரே தண்ணீர்க் குடத்தோடு வந்த பக்கத்து வீட்டுப் புஷ்பா, அக்காவுக்கு இன்னா ஆச்சு, எங்கே கூட்டிப் போறீங்க என்று கேட்டாள்.

"ஊட்டுக்கு" என்றார்.

எங்கள் வீடு எங்களுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்தது. புஷ்பா அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நான் கையை விடுவித்துக்கொள்ளாமல் அவர் கூடவே நடந்தேன்.