பீச்சாங்கையில் அறுத்த வஞ்சிரம்

கெளுத்தி மீனுக்கு என் மேல் என்ன கோபமோ தெரியாது. வலையிலிருந்து பிரித்தெடுக்கும்போது என் வலது கட்டைவிரலின் அடியில் முள்ளை இறக்கிவிட்டது. கை பன்னு மாதிரி வீங்கிப் போயிற்று. எழுபதுகளின் நடுவில் நடந்தது. அப்போது நான் இரண்டு பிள்ளைக்காரி.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். அங்கிருந்து பஸ்ஸில் கூடையோடு போய், செங்கல்பட்டு மார்க்கெட்டில் மீன் விற்பேன். விற்றால் போதாது, அருவாமனையில் அறுத்தும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஊர் அம்மாக்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

மாமியார் என் கையைப் பார்த்தார்.

"கை ஆறங்காட்டியும் சின்னவ கூடைய எடுத்துகினு போவட்டும். நீ வூட்ல குந்திகினு மொளகா இடி."

சின்னவள் என் கொழுந்தன் பெண்டாட்டி. மார்க்கெட்டில் என் இடம் வாசலை ஒட்டினாற்போல் இருக்கும். அவள் அதில் ஒருதரம் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டாள். எனக்குத் தெரியாதா? நானே அப்படித்தான் அந்த இடத்தைப் பிடித்தேன்.

"இன்னொரு கை கீதே அத்த," என்றேன்.

"பீச்சாங்கையிலயா? சரி, ஞாயித்துக்கெழம வரைக்கும் நான் போறேன். அப்பால பாக்கலாம் உன் சவடால."

நான் போகாத பள்ளிக்கூடத்துக்கு என் இடது கை போனது. கத்திரிக்காயில் தொடங்கி, மத்தி மீனுக்கு வந்தேன். வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் வலது கை விரல்களால் வாலை மட்டும் பிடிக்க முடிந்தது. மீனை அருவாமனை அலகில் தள்ள வேண்டியது இடது கைதான். அது தள்ளினால் மீன் எகிறி என் மடியில் உட்கார்ந்தது. பூனைகள் குடும்பத்தோடு வந்து காத்திருந்தன.

சோற்றில் கை வைத்த என் வீட்டுக்காரர் கேட்டார்:

"இன்னாடி இது, ஒரு துண்டு செங்கல் மாரி கீது, ஒரு துண்டு கொசு மாரி கீது?"

"செங்கல்ல நீ துன்னுய்யா. கொசுவ உங்கம்மாவுக்கு வையி."

சனிக்கிழமைதான் எனக்கு உறைத்தது. கையை மாற்றினேன், காலை மாற்றினேனா? அருவாமனைப் பலகையை எப்போதும் போல வலது காலால் மிதித்துக்கொண்டிருந்தேன். இடது காலை வைத்து, உடம்பையும் திருப்பி உட்கார்ந்தேன். மத்தி சத்தமில்லாமல் இரண்டானது. பூனைகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போயின.

ஞாயிற்றுக்கிழமை மாமியாரும் சின்னவளும் வேடிக்கை பார்க்கவே கூட வந்தார்கள். பெரிய வஞ்சிரம் ஒன்றை விலை பேசி முடித்த ஒரு செங்கல்பட்டு அம்மா, நான் அறுக்க உட்கார்ந்த தினுசைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இன்னாம்மா, பீச்சாங்கையில அறுக்குற?"

சின்னவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அறுக்கறதுதாம்மா இந்தக் கை. எடுத்துக் குடுக்கறது சோத்தாங்கை. நீயும் சோத்தாங்கையிலதான துன்னப் போற? மீனு ஒண்ணும் கோச்சிக்காது."

சுற்றி நின்றவர்கள் சிரிக்க, அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். வஞ்சிரம் வட்ட வட்டமாக, ஒரே கனத்தில் விழுந்தது. துணி சுற்றிய வலது கையால் அள்ளிக் கொடுத்தேன். அடுத்த ஆள் அதற்குள் கூடைக்குள் கையை விட்டிருந்தார்.

மறுநாள் காலை மாமியாரே கூடையைத் தூக்கி என் தலையில் வைத்தார்.

"போடி, பஸ்ஸு பூடப் போவுது," என்றவர், சின்னவள் பக்கம் திரும்பினார். "நீ இன்னா பாத்துகினு கீற? மொளகாய எடு."

தெருமுனை வரைக்கும் உலக்கைச் சத்தம் கேட்டது. பாவம், அவளும் கையை மாற்றி மாற்றி இடித்திருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பேன்.