நோய் தொடங்கிய நேரம்

என் மகளின் நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை ஏழே கால் மணிக்கு என் மனைவியின் வாயின் இடது ஓரம் தொய்ந்திருந்ததைக் கண்டேன். காபியைக் கொண்டுவந்து வைக்கும்போது அவள் இடக்கையிலிருந்து டவரா நழுவித் தரையில் உருண்டது. குனிந்து எடுக்கப் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இன்னா ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. தூக்கம் பத்தல."

சொற்கள் குழைந்து வந்தன. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அது என் பழக்கம். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பல ஆண்டுகள் பிறப்பு இறப்புப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டவன் நான். நேரம் எழுதாமல் வந்த விண்ணப்பங்களை, கொண்டுவந்தவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும், திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அது என்ன நோய் என்று எனக்குத் தெரியாமலில்லை. முகம் கோணுவது, கை துவளுவது, பேச்சு குழறுவது ஆகிய மூன்றையும் படம் போட்டு விளக்கும் சுவரொட்டியை எங்கள் அலுவலக வாசலில் ஒட்டச் சொன்னவனே நான்தான். அறியாமையால் தாமதித்தேன் என்று யாரேனும் என்னை மன்னிக்க முன்வந்தால் அதை நான் ஏற்பதற்கில்லை.

மகளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. இரண்டு இடங்கள் பேசி முடியும் தறுவாயில் தட்டிப்போயிருந்தன. மனைவியின் தகப்பனார் பக்கவாதத்தில் படுத்து இறந்தவர். முதல் இடத்தார் அதைக் கேள்விப்பட்டு, "வாதக் குடும்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் சொல் பாகூர் கடைத்தெரு வரை போய் என் காதுக்குத் திரும்பி வந்தது. இப்போது ஏம்பலத்திலிருந்து கரும்பும் நெல்லும் பயிரிடும் நல்ல குடும்பம் ஒன்று ஒன்பதரைக்கு வரவிருந்தது. பத்தே முக்காலுக்கு மேல் தட்டு மாற்ற நல்ல நேரம். மூன்றரை மணி நேரம் கடந்துவிட்டால் போதும் என்று கணக்கிட்டேன்.

"நீ உள்ளே போய் உக்காரு. யார் வந்தாலும் பேசாம இரு. பல்வலின்னு நான் சொல்லிக்கிறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்துத் தாடையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். மகள் அடுத்த அறையில் அலங்காரம் செய்ய வந்த பெண்ணிடம் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அவளிடமும் பல்வலி என்றே சொன்னேன்.

அவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், பதினைந்து பேர். காபி கொடுக்கப்பட்டது. மாப்பிள்ளையின் தாயார் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சம்பந்தியம்மா எங்க, காணோமே?" என்றார்.

"பல்வலி. முகம் வீங்கியிருக்கு. தட்டு மாத்தறப்போ வந்துடுவா."

"அய்ய, பல்வலியோட அடுப்பண்டையா நிக்கறாங்க? ஒரு கிராம்பு வெச்சிக் கடிச்சா போதுமே. நா போயி பாக்கறேன்."

அவர் எழுந்துவிட்டார். சமையலறைக் கதவுக்கும் அவருக்கும் இடையே நான் போய் நின்றேன். அறுபத்தெட்டு வயதில் ஒரு பெண்மணியின் வழியை மறித்து நிற்பேன் என்று நான் எண்ணியதே இல்லை.

"இப்பதான் மாத்திரை போட்டுப் படுத்தா. கொஞ்சம் கண்ணசரட்டும்."

"அதுவும் சரிதான்," என்று அவர் உட்கார்ந்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம், "எம் பல்லு வலிச்சப்ப எங்க வூட்டுக்காரருக்கு மாத்திரை வாங்கியாரவே ரெண்டு நாளாச்சு. இங்க பாரு, எப்டி காவல் காக்கறாரு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கதவுக்குப் பின்னால் ஒரு பாத்திரம் விழும் ஓசை கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்தே முக்காலுக்கு அவளை அழைத்து வந்தேன். முந்தானையால் முகத்தின் பாதியை மறைத்திருந்தாள். காலை இழுத்து நடந்ததை, நான் அருகில் ஒட்டி நடந்து மறைத்தேன். இரு வீட்டுத் தம்பதியரும் எதிரெதிரே நின்று தட்டு மாற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், புடவை வைத்த தட்டு அது. அவள் வலக்கை பிடித்த பக்கம் நின்றது, இடப்பக்கம் சரிந்தது. தேங்காய் உருண்டோடியது. அதன் பின்னாலேயே அவளும் விழுந்தாள்.

மாப்பிள்ளையின் தகப்பனாரான சம்பந்திதான் முதலில் கத்தினார். "யோவ், காரை எடுங்கய்யா! இது மயக்கமில்ல, வாயைப் பாரு!"

அவருடைய காரில் புறப்பட்டோம். பின்னிருக்கையில் அவள் தலை என் மடியில் கிடந்தது. தவளக்குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சாலையை அடைத்திருந்தது. சம்பந்தி கையை ஒலிப்பானிலிருந்து எடுக்கவேயில்லை. "பயப்படாதீங்க மாமா. உடனே கொண்டுபோனா ஊசி இருக்குதாம், எங்க ஊர்ல ஒருத்தரு எழுந்து நடந்தாரு. நாமதான் உடனே கெளம்பிட்டமே!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் ஒவ்வொரு முறை 'உடனே' என்று சொல்லும்போதும் என் மடியில் இருந்த முகத்தை நான் பார்க்காமல் சாளரத்துக்கு வெளியே பார்த்தேன்.

புதுச்சேரி மருத்துவமனையின் அவசரப் பிரிவை அடைந்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். இளம் வயதுப் பெண் மருத்துவர் ஓடி வந்தார்.

"எப்ப ஆரம்பிச்சது?"

"பத்தே முக்கால், பத்து அம்பது இருக்கும் டாக்டர்," என்றார் சம்பந்தி. "தட்டு மாத்தறப்போ. எங்க கண்ணு முன்னாடி."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. நான் பொய் சொன்னவன் அல்ல என்று அந்தக் கணத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

"நல்லது, டைம் இருக்கு. ஸ்கேன் எடுத்துட்டு ஊசி போட்டுடலாம்." படுக்கை உருண்டு போனது. சற்று நேரத்தில் ஒப்புதல் படிவம் என் முன் வந்தது. நோய் தொடங்கிய நேரம் என்ற கட்டத்தில் 10.50 என்று எழுதியிருந்தது.

"ஊசியால ஆபத்து ஏதும் உண்டா?" என்று கேட்டேன்.

"நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா பலன் ஜாஸ்தி. அதுக்கு மேல போயிட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியற ஆபத்து கூடும். உயிருக்கே ஆபத்தாகலாம். அதான் நேரத்தைத் திரும்பத் திரும்பக் கேக்கறோம். கையெழுத்து போடுங்க சார்."

பேனாவை வாங்கினேன். ஏழே காலோடு நாலரையைக் கூட்டுவதற்கு எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை. கையெழுத்திட்டால் அவள் இறக்கக்கூடும். உண்மையைச் சொன்னால் ஊசி கிடையாது, அவள் கை போனது போனதுதான். சம்பந்தி என் தோளுக்குப் பின்னால் நின்று படிவத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை," என்றேன்.

"தனியா பேச நேரமில்ல சார். இங்கயே சொல்லுங்க."

"பத்து அம்பது இல்லை. காலை ஏழே கால். நான் பார்த்தேன். வாய் கோணியிருந்தது."

"ஏழே காலா? நிச்சயமா?"

"கடிகாரத்தைப் பார்த்தேன்."

அவர் சுவரைப் பார்த்தார். பன்னிரண்டு தாண்டிவிட்டது. என் கையிலிருந்த படிவத்தை எடுத்து, அந்த எண்ணின் மேல் ஒரு கோடு கிழித்தார். "சரி, ஊசி வேணாம். வேற வைத்தியம் பாக்கறோம்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே விரைந்தார்.

வராந்தாவில் சம்பந்தி என் பக்கம் திரும்பினார்.

"பல்வலின்னீங்களே."

"ஆமாம்."

"வந்ததும் சொல்லியிருந்தா அப்பவே நா காரை எடுத்திருப்பனே. எங்கள இன்னான்னு நெனச்சீங்க? வூட்டுப் பொம்பளைக்கி இல்லாத மரியாத எங்களுக்கு எதுக்குங்க?"

கையிலேயே இருந்துவிட்ட மருத்துவமனைப் பேனாவைத் திருப்பிக் கொடுக்க உள்ளே போனேன்.

திருமணம் நடந்தது. அவர் வாக்கு மாறுகிறவர் அல்லர். ஆனால் காரில் என்னை மாமா என்று அழைத்தவர், அதன்பின் இன்றுவரை சார் என்றுதான் அழைக்கிறார்.

என் மனைவி பிழைத்தாள். கோலூன்றி நடக்கிறாள். பேச்சு பெரும்பாலும் தெளிந்துவிட்டது. இடக்கை மட்டும் மடங்கியபடி நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கிறது. இயன்முறைப் பயிற்சியாளர் காட்டிக்கொடுத்தபடி ஒவ்வொரு விரலாக நான்தான் நீட்டிவிடுகிறேன். தலை பின்னவும் கற்றுக்கொண்டேன். முதல் சில மாதங்கள் அதைத் தெருக்கதவைத் தாழிட்ட பிறகுதான் செய்தேன்.

அந்த நிலையில்தான் மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்காக, வில்லியனூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். பக்கவாதம் வந்தவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் கேள்வி கேட்டு எழுதிக்கொள்வது அவள் வேலை. என்னிடம் தூக்கம், உணவு, முதுகுவலி எல்லாம் கேட்டாள். "எனக்கு ஒரு குறையுமில்லை," என்றேன்.

"எழுதிக்கம்மா," என்றாள் மனைவி, நாற்காலியிலிருந்து. "எம் முடிய இழுத்து இழுத்துப் பின்றதுல அவருக்குக் கொறையே கெடையாது. வலி எனக்குத்தான்."

அந்தப் பெண் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். மருத்துவமனைக்குப் போகத் தாமதமானதன் காரணம். வாகனம் இல்லை, நோய் என்று தெரியவில்லை, வீட்டு வைத்தியம் பார்த்தோம் என்று வரிசையாகப் படித்தாள். "இதுல எது சார்?"

"இதில் எதுவும் இல்லை. ஏழே காலுக்கே பார்த்துவிட்டேன். சம்பந்தி வீட்டாருக்குத் தெரியக்கூடாதென்று மறைத்தேன். அப்படியே எழுதுங்கள்."

சொல்லி முடித்ததும், கடினமான ஒன்றைச் செய்து முடித்த நிறைவுகூட எனக்கு இருந்தது.

"ஏழே காலு இல்லம்மா," என்றாள் மனைவி. "அஞ்சரை."

பேனா நின்றது.

"கோலம் போட வாளிய தூக்கறேன், கை வரல. மரத்துப் போச்சு. நாக்கும் தடிச்சாப்ல இருந்துச்சு."

"அப்பவே சார்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா இன்னா சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாதா? பேசாம இருன்னுவாரு." என் பக்கம் பார்க்காமலே தொடர்ந்தாள். "ஏழே காலுக்கு அதத்தானம்மா சொன்னாரு."

அவள் குரலில் கோபம் இல்லை. மருத்துவர் முன் நான் அத்தனை பாடுபட்டுச் சொன்ன நேரமும் உண்மையான நேரம் அல்ல. அதற்கு முந்தைய ஒன்றே முக்கால் மணி நேரம், ஒரே வீட்டுக்குள் எனக்கு அஞ்சி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது.

"எந்த நேரம் எழுதட்டும் சார்?"

"அவள் சொல்வதை எழுதுங்கள்."

அந்தப் பெண் எழுதினாள். ஒரு தாளைத் திருப்பி மனைவியிடம் கேட்டாள்: "உங்க கஷ்டத்தை வீட்டுக்காரர்கிட்ட மனம்விட்டுச் சொல்ல முடியுதாம்மா?"

மனைவி வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். நான் எழுந்து வெளியே போய், கதவை எனக்குப் பின்னால் சாத்தினேன். அவள் பதில் சொல்லி முடிக்க நெடுநேரம் ஆயிற்று.