மிளகு சாப்பிடாத நாட்கள்

"ஜூன் 8, ஞாயிறு. அப்பா, மிளகுக்கு வாரம் மூன்று நாள் சாப்பாடு. ஒரு தடவைக்கு ஆறு புழு, கால்சியம் தூளில் புரட்டிப் போடவும். சாப்பிடாவிட்டால் பயப்பட வேண்டாம். பத்து நாளைக்கு மேல் சாப்பிடாவிட்டால் மறைக்காமல் எனக்குச் சொல்லவும்."

என் மகள் இந்து வேலைக்காகப் புனே போன அன்று, கண்ணாடித் தொட்டியின் மேல் ஒட்டிவிட்டுப் போன காகிதம் இது. மிளகு என்பது அவள் வளர்க்கும் பல்லி. சுவரில் ஓடுகிற நம் பல்லி இல்லை. லெப்பர்ட் கெக்கோ என்ற வெளிநாட்டு வகை. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், விரல் கனத்துக்கு வால், கண்ணுக்கு இமை. ஆயுத பூசை விடுமுறைக்கு வந்து எடுத்துப்போகிறேன் என்று சொல்லியிருந்தாள். அதுவரை எங்கள் ஃபிரிட்ஜில் கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்தில், பெங்களூர்க் கடையிலிருந்து வரும் மீல்வார்ம் புழு டப்பா இருக்கும். ஊரிலிருந்து வந்த என் தம்பி, தயிர் எடுக்கப் போய் அதைத் திறந்து பார்த்தவன், அன்று இரவுச் சாப்பாட்டை வெளியே கடையில் முடித்துக்கொண்டான்.

உடன்குடியில் எங்கள் வீட்டில் பல்லி என்பது ஒரு குரல். அது சொன்னால் பேச்சு நிற்கும்; தரையில் விரலால் மூன்று தட்டுத் தட்டுவோம். ஓசூரில் வேலைக்குச் சேர நான் கிளம்பிய மாலை, அது ஆகாத திசையிலிருந்து சொன்னதால் அம்மா என்னை அந்த பஸ்ஸில் ஏற விடவில்லை. மறுநாள் பஸ்ஸில் வந்தேன். பத்தொன்பது வருடமாகத் தொழிற்சாலையின் சீனியாரிட்டிப் பட்டியலில் ஒரு நாள் பின்னால் நிற்கிறேன். அப்படிப்பட்ட ஒன்றுக்கு இப்போது சாப்பாடு ஊட்டுகிறேன் என்பதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 10-க்குப் பிறகு அது சாப்பிடவில்லை. நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்பவன். எதையும் எழுதி வைப்பேன். தொட்டியின் வெப்பத்தைத் தினம் இரண்டு முறை பார்த்தேன்; குறையில்லை. ஊரிலிருந்து சில்லுக்கருப்பட்டி வந்த பிளாஸ்டிக் டப்பாவில் பல்லியை உட்கார வைத்து, சமையலறைத் தராசில் எடை எடுத்தேன். ஜூன் 10: 58 கிராம். ஜூன் 16: 55. ஜூன் 21: 52. முதலில் பெங்களூர்க் கடைக்காரர் பழைய புழுவைத் தள்ளிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டேன். பிறகு கீழ்வீட்டில் ஏற்றும் கொசுவத்தியை. கடைசியில் என் மனைவி சண்முகத்தாயையே.

"நீ அதுக்கு ஏதும் போட்டியா?"

"ஆமா, இட்லியும் சட்னியும் போட்டேன். ஏன், என் மேல கேசு எழுதப் போறியளா? பிள்ளைகிட்டச் சொல்லுங்கன்னு நாலு நாளாச் சொல்லுதேன்."

சொல்லவில்லை. ஜூன் 22 அன்று, மிளகு வால் கொழுத்திருந்த நாளில் எடுத்த பழைய படத்தை இந்துவுக்கு அனுப்பினேன். அவள் ஒரு இதயத்தைத் திருப்பி அனுப்பினாள்.

பட்டுப்புழு இந்தப் பல்லிக்கு நல்ல தீனி என்று படித்தேன். பட்டுப்புழு இந்தப் பக்கத்தில் ஊருக்கு ஊர் வளர்கிறது. என் பிரிவில் வேலை பார்க்கும் முனிராஜிடம் கேட்டேன்.

"எங்க அக்கா வீட்லயே இருக்குது சார், கெலவரப்பள்ளி டேம் தாண்டி. எதுக்கு சார்?"

"மீன் தொட்டிக்கு."

பொய்தான். இந்து இந்தப் பல்லியை வாங்கிய புதிதில் அதைப் பற்றி கேன்டீனில் வாய்விட்டிருந்தேன். லட்சக்கணக்கில் விலை போகுமாமே, அந்தப் பல்லியா என்று பக்கத்துப் பிரிவுக்காரர்கள் இரண்டு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்போது முனிராஜ் எங்கள் பிரிவுக்கு வந்திருக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு. பெங்களூர்க் கழிவு கலந்து வரும் கெலவரப்பள்ளி அணையில் அன்று நுரை பொங்கியிருந்தது. இந்தத் தண்ணீர் பாய்ந்த மல்பெரி இலையைத் தின்ற புழுவையா மிளகுக்குக் கொடுப்பது என்று யோசித்தபடிதான் போனேன். முனிராஜின் அக்கா லட்சுமம்மா, புழு வளர்க்கும் மனையின் வாசலிலேயே என்னை நிறுத்தினார். வாசலின் குறுக்கே வெள்ளையாக ஒரு சுண்ணாம்புக் கோடு.

"அங்கயே நில்லுங்க சார், கோட்டத் தாண்டாதீங்க. வெளி ஆளு கால்ல என்ன வருதுன்னு யாருக்குத் தெரியும்? பவுடர், சென்டு ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"வாசம் பட்டாலும் ஆகாது, பொக பட்டாலும் ஆகாது. எறும்பு வந்தா போச்சு. பல்லி ஒண்ணு பூந்துச்சுன்னா ஒக்காந்த எடத்துலயே ஒரு தட்டக் காலி பண்ணிடும். நேத்துகூட ஒண்ண அடிச்சோம்." அடித்த துடைப்பத்தையும் காட்டினார்.

நான் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கணவர் உள்ளேயிருந்து ஏதோ கேட்க, பேச்சு தெலுங்குக்கு மாறியது. இத்தனை வருடத்தில் எனக்குத் தெலுங்கு வரவில்லை. பேச்சு மாறும் நேரம் மட்டும் நன்றாகத் தெரியும். என்னைப் பற்றித்தான் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். ஓசூருக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு இது புரியும். உடன்குடியில் நம்மைத் திட்டுகிறவர் நமக்குப் புரியும்படியே திட்டுவார்.

என் சில்லுக்கருப்பட்டி டப்பாவை வாங்கிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு சின்னப் புழுக்களைப் போட்டுத் தந்தார். விலை கேட்டதற்குச் சிரித்தார். "மீனு திங்கற புழுவுக்கு வெலையா?"

சும்மா கொடுத்தது எனக்கு உறுத்தியது. நோய்ப் புழுவைக் கழித்துக் கொடுத்திருப்பாரோ? தொழிற்சாலையில் புதிய மாதிரியை உடனே பயன்படுத்த மாட்டோம், இரண்டு நாள் தனியே வைத்துப் பார்ப்போம். அப்படியே வைத்தேன். ஜூலை 1 காலை ஐந்து புழு செத்துக் கிடந்தன. என் சந்தேகம் சரி என்பதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. முனிராஜிடம் சொன்னேன்.

"எல போட்டீங்களா சார்?"

"இலையா?"

"அது புழு சார், பொம்ம இல்ல. ரெண்டு நாளு பட்டினி போட்டா சாகாம என்ன பண்ணும்? ஆமா, மீனுக்குப் போட எதுக்கு சார் ரெண்டு நாளு?"

ஒரு கருவியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். மறுநாள் காலை, ஈரத் துணியில் சுற்றிய மல்பெரி இலைக்கட்டு ஒன்று என் மேசையில் இருந்தது. அக்கா கொடுத்தனுப்பியது. மிஞ்சிய ஏழும் அதைத் தின்று நிமிர்ந்தன.

ஜூலை 3, மாலை 6.40. ஒரு புழுவைத் தூளில் புரட்டிப் போட்டேன். மிளகு தலையைச் சாய்த்தது, வால் நுனி நடுங்கியது, பாய்ந்து பிடித்தது. 6.44-க்கு இரண்டாவது. சண்முகத்தாய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பின்னால் நின்றாள். மூன்றாவதை அவளே போட்டாள்.

அதிலிருந்து அது வேறு எதையும் தொடவில்லை. மீல்வார்ம் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் நான் அந்தச் சுண்ணாம்புக் கோட்டின் முன்னால் நின்றேன். இரண்டு மனைகளில் மாற்றி மாற்றி வளர்த்ததால் சின்னப் புழு எப்போதும் இருந்தது. "மீனு எப்படி இருக்குது?" என்பார் லட்சுமம்மா. "நல்லா இருக்குங்க" என்பேன். ஜூலை 27: 56 கிராம். அன்று தைரியமாகப் புதிய படம் எடுத்து இந்துவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"அப்பா, இது இன்னைக்கு எடுத்தது. போன மாசம் அனுப்புனதுல பின்னாடி இருந்த காலண்டர்ல மே மாசம். தேதி விசயத்துல நீங்களா இப்படி?"

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"அம்மாகிட்டக் கேட்டேன். அப்பாவே ஏதாவது பண்ணிருவாங்க, விடுன்னா."

ஆகஸ்டு 18, திங்கள். முனிராஜ் விடுப்பு. மறுநாள் வந்தவன் சொன்னான்: ஒரு மனையில் நோய் விழுந்துவிட்டது. புழுக்கள் உடம்பு வீங்கி, பால்போல் நீர் வடிந்து, தட்டுத் தட்டாகச் செத்தன. எல்லாவற்றையும் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். அந்தப் பட்டுக்கூட்டை நம்பித்தான் அக்கா பெரிய மகளுக்குக் கல்லூரியில் இடம் பேசியிருந்தார்.

அன்று என் நோட்டைப் புரட்டினேன். பல்லியை எடை போட்டது அந்தச் சில்லுக்கருப்பட்டி டப்பாவில்தான். புழு வாங்கப் போனதும் அதே டப்பா. நடுவில் துணியால் துடைத்தது உண்டு. கழுவியதாக ஒரு தேதியிலும் எழுதவில்லை. நான் கோட்டுக்கு வெளியே நின்ற எட்டு ஞாயிறும் டப்பா உள்ளே போய் வந்திருக்கிறது. அவர் இலை, அவர் தண்ணீர், அவர் தாராளம் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன் நான்.

ஆகஸ்டு 24, ஞாயிறு. போய்ச் சொன்னேன். "எங்க வீட்ல மீன் இல்லீங்க. பல்லி."

"தெரியும் சார்."

"முனிராஜ் சொன்னாரா?"

"அவன் எங்க சொன்னான்? டப்பா மூலையில பல்லிப் புழுக்கை காஞ்சி இருந்துச்சு, ரெண்டாவது வாரமே. எங்களுக்கா அது தெரியாது? சுண்ணாம்பு நெறய போட்டுக் கைய கழுவிட்டுத்தான் குடுத்தேன். பல்லிக்குன்னு மொத நாளே சொல்லியிருந்தா துடைப்பத்த எடுத்திருப்பேன். அப்புறம்தான் முனிராஜ உங்க கேன்டீன்ல விசாரிக்கச் சொன்னேன். பொண்ணு விட்டுட்டுப் போனதாமே?"

"அதே டப்பாவிலதாங்க அத எடை போட்டேன். நோய் அதுல வந்திருக்குமோன்னு..."

அவர் திரும்பிக் கணவரிடம் தெலுங்கில் இரண்டு வாக்கியம் சொன்னார். கணவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார். "மழயில நனஞ்ச எலையில வரும், காத்துல வரும், மண்ணுல வரும். போன வருசமும் வந்துச்சு" என்றார் லட்சுமம்மா. பிறகு, "உங்க டப்பா இங்கயே இருக்கட்டும். இனிமே எங்க டப்பாவுல எடுத்துட்டுப் போங்க" என்று ஒரு பழைய எவர்சில்வர் டப்பாவை, தப்பிய மனையின் புழுக்களோடு, கோட்டுக்கு மேலாக நீட்டினார். அது கருணையா எச்சரிக்கையா என்று எனக்குத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்டு 31. மிளகு 58 கிராம், ஜூன் 10-இல் இருந்த அதே எடை. அன்று மாலை நான் போனபோது லட்சுமம்மா வாசலில் குனிந்து, என் சில்லுக்கருப்பட்டி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். புழு மூச்சு விட மூடியில் நான் ஊசியால் போட்ட துளைகள் வழியே சுண்ணாம்புத் தூள் சீராக விழுந்து, நான் தாண்டக் கூடாத கோடு புதிதாக நீண்டுகொண்டிருந்தது. மூடியில் அச்சிட்ட 'உடன்குடி' பாதி வெளுத்திருந்தது. "நல்லா ஓட்ட போட்டிருக்கீங்க சார்" என்றார். "சுண்ணாம்பு பட்டா எல்லாம் செத்துடும்."

எங்கள் சமையலறை அலமாரியில் அவர் டப்பா இருக்கிறது. அவர் வாசலில் என் டப்பா இருக்கிறது. நோய் அதன் வழியாகத்தான் போனதா என்பதற்கு எதிரே என் நோட்டில், தொழிற்சாலையில் எழுதும் வழக்கப்படி, ஒரு குறிப்பு மட்டும் எழுதியிருக்கிறேன்: சரிபார்க்கப்படவில்லை.