ஓடாத மெஷினுக்கு ஒரு முகம்

ஆடி பிறந்தால் எங்கள் கடையில் வேலை சுருங்கிவிடும். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. அந்த வருஷம் சாலையோரம் பேனர் கட்டக் கூடாது என்ற கெடுபிடியும் அதோடு சேர்ந்துகொண்டது. என் கணவர் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனிக்குத் தற்காலிக வேலைக்குப் போக ஆரம்பித்தார். திருவொற்றியூர்க் கடையும், அதில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் பத்தடி அகல ஃப்ளெக்ஸ் மெஷினும் என் தலையில் விழுந்தன.

ஓடுகிற மெஷினைவிடச் சும்மா நிற்கிற மெஷினுக்குத்தான் கவனிப்பு அதிகம் வேண்டும். மை தெளிக்கிற ஹெட்டின் அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. ஓடாமல் விட்டால் அவற்றில் இங்க் காய்ந்து இறுகிவிடும். அப்புறம் ஹெட்டை மாற்றுவதைவிட மெஷினையே தலைமுழுகிவிடலாம். கடல் காற்றும் துறைமுகத்துக் கரித்தூளும் சேர்ந்து வீசுகிற ஊரில் இந்தப் பயம் இரண்டு மடங்கு. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போவேன். ஏசியைப் போட்டு, நூல் உதிராத துணியால் ஹெட்டின் அடியை ஒற்றியெடுத்து, அது உட்காரும் மூடியில் கிளீனிங் தண்ணீரை நிரப்புவேன். கடைசியாக, நான்கு இங்க்கும் ஓடும்படி எதையாவது கொஞ்சம் அடித்துப் பார்க்க வேண்டும்.

அந்த ‘எதையாவது’தான் வினையாகிப் போனது.

சர்வீஸுக்கு வருகிறவர் வெறும் கலர்ப் பட்டைகள் கொண்ட ஒரு ஃபைல் கொடுத்திருந்தார். நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு. நாலைந்து தடவை அதை அடித்தேன். ஆளில்லாத கடையில் அந்தப் பட்டைகளையே பார்த்துக்கொண்டிருக்கச் சலிப்பாக இருந்தது. பழைய வேலைகளைக் கிளறினேன். பின்தெருப் பெண் ஒருத்தியின் ரிசப்ஷன் பேனர் கண்ணில் பட்டது. அரக்குப் பட்டு, பச்சை ஜாக்கெட், தலை நிறைய மல்லிகை. அதைச் செய்தபோது அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “அக்கா, என்னைச் செவப்பாக்கிடாதீங்க. நான் கீற கலர்லயே வுடுங்க” என்று சிரித்தாள். அந்தத் தோல் நிறத்தைப் பிடிக்க அரைநாள் மல்லுக்கட்டினேன். நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்த வேலை அது.

அந்தக் கல்யாணம் ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. அவள் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்து, ராயபுரம் பக்கம் ஏதோ ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் அடித்தேன். முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பக்கத்தில் பக்கத்தில் நான்காக வைத்து, வீணாய்ப் போன துண்டு ஃப்ளெக்ஸில் அடித்தேன். கன்னத்தில் கோடு விழுந்தால் ரோஸ் அடைத்திருக்கிறது, கூந்தல் வெளிறினால் கறுப்பு சரியில்லை. முகத்தில் பிசகு சட்டென்று தெரியும். அந்த ஆடி முழுக்க அவள் முகத்தை வைத்துத்தான் என் மெஷினை உயிரோடு வைத்திருந்தேன்.

அடித்த துண்டுகள் மெஷினுக்குப் பின்னால் சேர்ந்தன. காலையில் சந்தையிலும் சாயங்காலம் எங்கள் தெருமுனையிலும் மீன் விற்கும் அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்து, “இத்த இன்னாத்துக்குச் சேர்த்து வெச்சுகினு கீற? எனக்குக் குடு, வெயிலுக்குக் கட்டிக்கிறேன்” என்றார். இடம் காலியானால் போதும் என்று எல்லாவற்றையும் சுருட்டிக் கொடுத்தேன். அவர் கடலோர மீன் சந்தையில் தன் கடைக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, மீதியை அங்குள்ள கூட்டாளிகளுக்குக் கொடுத்திருக்கிறார். அடித்த பக்கத்தை உள்ளே மடித்துக் கட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஒரு சாயங்காலம் அந்தப் பெண் கடைக்குள் வந்தாள். தோளில் ஆபீஸ் பை, கையில் ஈரமான ஒரு சுருள். மெஷின் மேல் அதை விரித்தாள். நான்கு முகங்கள். மீன் வாடை கடையெல்லாம் பரவியது.

“இன்னாக்கா இது?”

மெஷின் காய்ந்துவிடும், எல்லா கலரும் ஓட வேண்டும் என்று ஏதேதோ சொன்னேன்.

“கலர் ஓட்றதுக்கு என் மூஞ்சிதான் கெடச்சுதா?”

அவளே தொடர்ந்தாள். “சந்தைல ஒரு கடைக்கு ‘பொண்ணு கடை’ன்னு பேரு வெச்சிருக்காங்க. ‘பொண்ணு கடையாண்ட வாம்மா, எறா நல்லாருக்கு’ன்னு எங்க அம்மாவையே கூப்புட்டிருக்காங்க. அம்மா வூட்டுக்கு வந்து இன்னும் சோறு துன்னல. நான் போயி ஒண்ண அவுத்துகினு வந்தேன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன்.

“அந்த ஃபைலை அழிங்க. என் கண்ணு முன்னாடி.”

அழித்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே நின்று, முடிந்ததும் சுருளைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

மறுநாள் காலை பதிலுக்குக் கொடுக்கப் புதுத் தார்ப்பாய்கள் வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போனேன். மீன்கார அக்கா அங்கே தன் கடையில்தான் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் அந்தப் பெண்ணின் முகம் கட்டியிருந்தது. இன்னொன்று இறால் குவியலுக்கு அடியில் விரித்துக் கிடந்தது. நெற்றியில் செதில்கள் ஒட்டியிருந்தன. ஒன்றை ஐஸ் பெட்டிக்குச் சுற்றியிருந்தார்கள்.

“குட்த்ததத் திருப்பிக் கேட்டுகினு வந்துகீறியே” என்று முதலில் சிரித்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. நிமிர்ந்து பந்தலைப் பார்த்தார். “அட, அந்தப் பொண்ணா இது? நான் ஏதோ சோப்பு வெளம்பரம்னு நெனச்சுகினு கீறேன்.” அப்புறம் என்னைப் பார்த்தார். “எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல?”

கயிற்றை அவரே அவிழ்த்தார். மற்ற கடைக்காரப் பெண்களிடமும் அவரே போய்ப் பேசி வாங்கித் தந்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. இறாலைக் கூடைக்கு மாற்றி, தரையைக் கழுவி, துண்டை மடித்துக் கொடுத்தார்கள். வெயிலில் நின்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டேன். கடைக்குக் கொண்டுவந்து, முகம் தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினேன். கத்தரிக்கோல் ஒவ்வொரு முறையும் கண்ணருகிலேயே போய் நிற்பதுபோல இருந்தது.

அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் அம்மா கதவைத் திறந்து, “சரிம்மா, போ” என்று மட்டும் சொன்னார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் வெளியே வரவில்லை.

ஆவணியில் வேலை வந்தது. ஹெட்டில் ஒரு துளைகூட அடைக்கவில்லை. என் கணவர் மெஷினைத் தட்டிக் கொடுத்து, “சூப்பரா பார்த்துகினியே” என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் மெஷின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

போன மாதம் இங்க் வாங்கத் திருவொற்றியூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். லேடீஸ் பெட்டியில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். மடியிலிருந்த பையை இன்னும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். எனக்கு உட்காரத் தைரியம் வரவில்லை. சீக்கிரம் இறங்க வேண்டியவள்போலக் கதவருகே போய் நின்றேன். தண்டையார்பேட்டையில் நிஜமாகவே இறங்கி, அடுத்த ரயிலுக்காகக் காத்திருந்தேன்.